காற்றின் மேல் போட்ட பழி

நம் சங்க மலருக்கு எழுதச் சொல்லி என் வீட்டுக்கு வந்த இரண்டு இளம் நடிகர்கள், "உங்க வெற்றிகளைப் பத்தி எழுதுங்கய்யா, எங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்று தடவை உட்கார்ந்து எழுதினேன். மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். வெற்றிகளை எழுதும்போது பேனா நன்றாகத்தான் ஓடுகிறது. எழுதியதைப் படித்துப் பார்த்தால் வேறு யாரோ ஒருவனைப் பற்றியதாக இருக்கிறது. ஆகவே நான் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். ஊக்கம் தராது. உபயோகப்படலாம்.

உங்களுக்கு இப்போது ஒத்திகை இருக்கிறது. ஒலிபெருக்கி இருக்கிறது. முப்பதுகளில் நான் ராஜபார்ட்டாக நின்ற மேடைகளில் இரண்டும் கிடையாது. நாங்கள் ஸ்பெஷல் நாடக நடிகர்கள். எந்தக் கம்பெனியோடும் சேராதவர்கள். ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும் ஆர்மோனியப் பெட்டிக்காரரை இன்னோர் ஊரிலிருந்தும் காண்ட்ராக்டர் வரவழைப்பார். பல சமயம் ராஜாவும் ராணியும் மேடையில்தான் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டும் தெரியும். ஆனால் நடுவில் இருவரும் பாட்டாலும் பேச்சாலும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று வரும். அதைத் தர்க்கம் என்போம். அங்கே எழுதிவைத்த வசனம் இல்லை. கேட்பது ஒருவர், சமாளிப்பது மற்றவர். ஜனங்கள் அதற்காகத்தான் வருவார்கள், சேவல் சண்டைக்கு வருகிற மாதிரி.

ஒத்திகைக்குப் பதிலாக எங்களிடம் ஒன்று இருந்தது. வேஷம் போடும் நேரத்தில் கால் மணி பேசிக்கொள்வோம். இன்று எந்தச் சுருதி, எந்தப் பாட்டை விட்டுவிடலாம், எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று. தகப்பனைப் பறிகொடுத்து மாதம் ஆகாதவர் இருந்தால், "இன்னைக்கு அப்பன் பேச்சு வேண்டாம்ணே" என்பார். சரி என்று சொல்லிவிட்டால் மேடை இறங்கும்வரை அந்தச் சொல் நிற்கும். மற்றபடி ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் அது ஒன்றுதான். அதை மீறினவனைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை, நானே மீறும்வரை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியரின் மகன் நான். பாட்டு என் தொண்டைக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில். பள்ளி இறுதிவரை படித்தேன். தமிழ் இலக்கணம் நெட்டுரு. நாடகத்துக்குப் போகிறேன் என்றதும் அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் காண்ட்ராக்டர்கள் நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் 'கற்றறிந்த ராஜபார்ட்' என்று போட்டார்கள். மற்ற நடிகர்கள் கேள்வி ஞானத்தில் பேசும் இடத்தில் நான் செய்யுளை எடுத்துவிட்டு, பதம் பிரித்து, பொருள் கேட்பேன். எதிரே நிற்பவர் திணறுவார். கொட்டகை கைதட்டும். அதை நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் வைகாசியில் ராஜபாளையத்தில் ஒரு நாடகம். எதிரே ஸ்திரீபார்ட், சீனியம்மாள் என்று சொல்லிக்கொள்கிறேன், உண்மைப் பெயர் அதுவல்ல. வத்திராயிருப்புப் பக்கத்துக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. பிறர் பாடக் கேட்டே இருநூறு பாட்டு மனப்பாடம். சாதாரணமாகப் பாடும் சுருதியே ஐந்தரைக் கட்டை. ஆர்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டைக்கு அடுத்த கறுப்புக் கட்டை அது. நான் மூச்சைப் பிடித்து ஏறினால் எட்டக்கூடிய உச்சமும் அதுதான். மைக் இல்லாத காலத்தில் கட்டை ஏற ஏறத்தான் கடைசி வரிசைக்குப் பாட்டு போகும். அதனால் ஒரு பாடகரின் மதிப்பே எத்தனை கட்டையில் நிற்கிறார் என்பதுதான்.

தர்க்கத்தில் நான் தோட்டத்துக்கு வந்த ராஜா, அவர் பூப்பறிக்கும் பெண். வழக்கம்போல் ஒரு செய்யுளை வீசிவிட்டுக் கேட்டேன்.

"பெண்ணே, உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாதென்றால் என் கேள்விக்கு விடை எப்படிச் சொல்வாய்?"

"தெரியாது ராஜா. அதனாலே ஒரு தடவை காதிலே விழுந்தா எனக்கு மறக்காது. இதே செய்யுளைப் போன காட்சியிலே சொன்னீங்க. அப்போ மூணாவது அடி வேறயா இருந்துச்சே. உங்க ஊர் ஏட்டுலே காட்சிக்கு ஒரு அடியா எழுதி வச்சிருக்காக?"

உண்மையில் நான் மாற்றித்தான் சொல்லியிருந்தேன். அடுத்த பாட்டுக்குத் தாவப் பார்த்தேன். அதற்குள் மில் தொழிலாளி ஒருவர் பின்னாலிருந்து, "ஏலே வாத்தியார் மகனே, பெஞ்சு மேல ஏறுலே" என்றார். தகரக் கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

அன்றிலிருந்து ராஜபாளையத்தில் என் பெயர் பெஞ்சு ராஜா. காபி கிளப்பில் நுழைந்தால் யாராவது எழுந்து, மரியாதையாகப் பெஞ்சைத் துடைத்து விடுவார்கள். பஸ்ஸில் நின்றால், "ராஜா பெஞ்சு மேலதான் நிப்பாரு, உக்கார மாட்டாரு" என்பார்கள். சிரித்துக்கொண்டு கடந்து போகவேண்டிய விஷயம். என்னால் முடியவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. சாப்பாட்டின் நடுவில் எழுந்துவிடுவேன். ராஜபாளையம் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தி, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தெருத்தெருவாக நடந்தேன். அந்த மூன்றாவது அடியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஆடியில், எங்கள் ஊர்த் தேரோட்டத்தை ஒட்டி எங்கள் இருவரையும் காண்ட்ராக்டர் மறுபடி சேர்த்தார். சுற்றுப்பட்டிகளிலிருந்து வந்த குடும்பங்கள் பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும் என்பதால் பகல் ஆட்டம். நோட்டீசில் பெரிய எழுத்தில் 'போட்டி' என்று அச்சாகியிருந்தது. ராஜபாளையத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். எதற்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

வேஷம் போடும் இடம் தென்னந்தட்டியால் மறைத்த மூலை. நான் போனபோது சீனியம்மாள் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, பனங்கற்கண்டு போட்ட வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் பெட்டிக்காரர் ஆர்மோனியத்தின் துருத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். நான் முதன்முதலாக மேடை ஏறிய நாளில் சுருதி விட்டபோது, பெட்டியில் என் குரலைப் பின்தொடர்ந்து வந்து என்னைக் காப்பாற்றியவர் அவர்தான்.

"அண்ணே, ஒரு வார்த்தை பேசிக்கிடணும்" என்றார் சீனியம்மாள்.

"சொல்லும்மா."

"எட்டு நாளாக் காய்ச்சல். நேத்துத்தான் வேத்து விட்டுச்சு. தொண்டை இன்னும் ரணமா இருக்கு. இன்னைக்கு நாலு கட்டையோட நிப்பாட்டிக்கிடுவமா?"

"முன்னாடியே காண்ட்ராக்டர்ட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவிய வேற ஆளைப் போட்டுருவாக. பொறவு அடுத்த தேருக்கும் அந்த ஆளுதான். உங்களுக்குத் தெரியாததா. தர்க்கத்துல எம்புட்டு வேணும்னாலும் அடிங்க, நான் தாங்கிக்கிடுவேன். சுருதி மட்டும் நாலு."

"சரிம்மா" என்றேன்.

பெட்டிக்காரர் தலையை ஆட்டிவிட்டு நாலாவது கட்டையை அழுத்திப் பார்த்துக்கொண்டார். பேச்சு முடிந்தது. நான் மீசை ஒட்டத் திரும்பினேன். அப்போது சீனியம்மாள் மறுபடி கூப்பிட்டார்.

"அண்ணே, ராஜபாளையத்துல ஏதோ பேரு வச்சுக் கூப்பிடுதாகளாமே. கேட்டதும் எனக்குச் சங்கடமாப் போச்சு. நான் நினைச்சுச் சொல்லலண்ணே. வாய்ல வந்துருச்சு."

"அதெல்லாம் மறந்து போச்சும்மா" என்றேன்.

அவர் அப்படி இரக்கப்பட்டுப் பேசாமல் இருந்திருந்தால் நான் வார்த்தையைக் காப்பாற்றியிருப்பேனோ என்று வெகுநாள் யோசித்தேன். அதுவும் ஒரு சாக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. அவர் "ரணமா இருக்கு" என்று சொன்ன அந்தக் கணத்திலேயே என் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிவிட்டது. சரிம்மா என்று சொன்னபோது அந்தக் கணக்கு முடிந்தும் இருந்தது.

நீங்கள் தொழிலில் இருக்கிறவர்கள், எப்படிச் செய்தேன் என்று சொன்னால் புரியும். ராஜா திரைக்குள்ளிருந்தே பாட்டை எடுத்துக்கொண்டு வருவது வழக்கம். பெட்டி துணை இல்லாமல் விருத்தத்தின் முதல் அடியைப் பாடுவோம். பெட்டிக்காரர் அந்தச் சுருதியைப் பிடித்துக்கொள்வார். முதலில் மேடை ஏறினவரின் சுருதிதான் காட்சி முடியும்வரை. அடுத்து வருகிறவர் அதற்குள் பாட வேண்டும். ஆகவே யாருக்கும் கைக்கூலி கொடுக்க வேண்டியதில்லை, யாரிடமும் ரகசியம் பேச வேண்டியதில்லை. நான் என் வாயைத் திறந்தால் போதும்.

ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கிக் கொட்டகைக் கூரையைத் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தகர ஓட்டைகள் வழியாக வெயில் கோடு கோடாக உள்ளே விழுந்தது. இரவு ஆட்டத்தில் காஸ் விளக்குக்கு அப்பால் ஜனங்கள் வெறும் இருட்டு. அன்று ஒவ்வொரு முகமும் தெரிந்தது. வன்னியம்பட்டிப் பெண்கள் சோற்று மூட்டையும் பிள்ளையுமாக முன்னால். பின்னால் ராஜபாளையத்துக் கூட்டம், யாரோ நிஜமாகவே ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து நடுவில் போட்டிருந்தார்கள்.

நான் ஐந்தரையில் எடுத்தேன்.

பேசியபடி நாலில் எடுப்பேன் என்று பெட்டியில் நாலாம் கட்டையின் ரீங்காரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அது என் குரலோடு ஒரு விநாடி முட்டி, நின்றது. பெட்டிக்காரர் மேடை ஓரத்திலிருந்து திரைப் பக்கம் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஐந்தரைக்கு வந்தார். நான் வெளியே வந்து முதல் பாட்டை முடித்தேன். கைதட்டல்.

இப்போது சொல்லப்போவதை நன்றாகக் கவனியுங்கள். முதல் பாட்டு முடிந்து நான் வசனம் பேசும்போது, பெட்டிக்காரர் சின்னதாக ஒரு இடைவாசிப்பு வாசித்தார். வாசித்துக்கொண்டே, கேட்பவர்களுக்குத் தெரியாத நயத்தோடு, சுருதியை இறக்கி நாலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் ஏதோ காற்றுச் சத்தத்தில் தவறிவிட்டேன் என்று எண்ணி, எனக்குத் திரும்பி வர ஒரு வழி திறந்து வைத்தார். சீனியம்மாள் இன்னும் உள்ளேதான் இருந்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அந்த இடத்தில் நாலில் அடுத்த பாட்டை எடுத்திருந்தால், இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

நான் பெட்டியைக் கேளாதவன்போல மறுபடி ஐந்தரையில் எடுத்தேன்.

முதல் தவறு ஆத்திரத்தில் வருகிறது. அதை யாரும் செய்யலாம். இரண்டாவதை நிதானமாகத்தான் செய்ய முடியும். நம் தொழிலில் உங்களைக் கெடுப்பது எப்போதும் அந்த இரண்டாவதுதான். திரும்ப வழி தெரிந்த பிறகு திரும்பாமல் போவது.

சீனியம்மாள் வந்தார். கையில் பூக்கூடை. முதலில் பெட்டிக்காரரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ராஜா பார்ப்பதுபோல் பார்த்தேன். அவருக்கு ஒரு வழி இருந்தது. "ராஜா, ஆகாசத்திலே நின்னு பேசுறீங்களே, செத்த நேரம் பூமிக்கு இறங்கி வாங்க" என்று விளையாட்டாகச் சொன்னால் போதும். அப்படிக் கேட்டால் இறங்கியாக வேண்டும் என்பது மேடை மரியாதை. ஆனால் போட்டி என்று அச்சடித்த நாளில் அப்படிக் கேட்பது தோற்றேன் என்று சொல்வதற்குச் சமம். அவர் கேட்கவில்லை. பாடினார்.

முதல் பாட்டு ஐந்தரையில் உறுதியாக நின்றது. இரண்டாவது பாட்டில் நான் ஏறிய உச்சத்துக்கும் மேலே ஒரு பிடி பிடித்துவிட்டு இறங்கினார். பெஞ்சுக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "ராஜாவைப் பொம்பளை முழுங்கிட்டாளே" என்று ஒரு குரல். மூன்றாவது பாட்டில் கழுத்து மணிகளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்காரர் அவருக்குத் தாங்கலாகக் கூடவே பாடத் தொடங்கினார். வேண்டாம் என்று சீனியம்மாள் விரலை அசைத்தார். தனியாக முடித்தார்.

நாலாவது பாட்டுக்கு வாயைத் திறந்தபோது சத்தம் வரவில்லை. உதடு அசைந்தது, கை அபிநயம் பிடித்தது, காற்று மட்டும் வந்தது. ஜனங்கள் அதை நடிப்பு என்று நினைத்து இன்னும் உன்னிப்பானார்கள். பெட்டிக்காரர் சட்டென்று அந்த அடியைத் தானே பாடி நிரப்பினார். ராஜாவாக நான் பதில் பாட்டு எடுத்திருக்கலாம். காட்சியை முடித்து அவரை உள்ளே அனுப்ப நூறு வழி எனக்குத் தெரியும். நான் செய்தது என்னவென்றால், ஒரு அடி முன்னால் வந்து, "பெண்ணே, ஏன் இந்த மௌனம்? கற்றவன் முன்னால் நா எழவில்லையோ?" என்று கேட்டேன்.

கொட்டகை கைதட்டியது. ராஜபாளையத்துக் கூட்டமும் தட்டியது. இரண்டு மாதமாக நான் ஏங்கிய சத்தம் அது. அது ஓயுமுன் கோமாளி வேஷம் கட்டியிருந்த பபூன் தானாகவே மேடைக்குக் குதித்து வந்து, எதையோ உளறிச் சிரிக்க வைத்து, சீனியம்மாளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார்.

ஆட்டம் முடிந்து நான் அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தபோது பெட்டிக்காரர் வந்தார். கோபமாகப் பேசுவார் என்று காத்திருந்தேன்.

"ஏமய்யா, காத்து ஜாஸ்தியா?" என்றார்.

"ஆமா மாமா. கூரைச் சத்தத்துல நாலு கட்டை கடைசி வரிசைக்குப் போயிருக்காது. அதான் ஏத்துனேன்."

"சரி. யாரு கேட்டாலும் நானும் காத்துன்னே சொல்லுதேன். தொழில் சந்தி சிரிக்கக் கூடாது பாரும்." ஆர்மோனியத்தை உறையில் போட்டுக் கட்டினார். "ஆனா இனிமே உமக்கு நான் வாசிக்கல. ஏன்னு உமக்கும் எனக்கும் தெரியும். அது போதும்."

மறுநாள் சீனியம்மாள் தங்கியிருந்த சத்திரத்துப் பக்கம் போனேன். வாசலைத் தாண்டி நடந்தேன். தெருமுனைவரை போய்த் திரும்பினேன். மறுபடி தாண்டினேன். உள்ளே வைத்தியர் போவதும் வருவதும் தெரிந்தது. பார்த்தவர்களிடம், தேர் பார்க்க வந்தேன் என்று சொன்னேன். தேர் நிலைக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஐந்தாவது தடவை தாண்டியபோது, அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று சத்திரத்துக்காரர் தாமாகவே சொன்னார்.

அவருக்குக் குரல் திரும்பவில்லை. பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. அடுத்த தேருக்கு வேறு ஆளைப் போட்டார்கள்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பெஞ்சு ராஜா என்ற பெயர் மறைந்துவிட்டது. நாடகங்கள் குறையவில்லை. ஒன்றே ஒன்றுதான் மாறியது. ஒவ்வொரு ஊரிலும் வேஷம் போடும்போது எதிர்நடிகரிடம் போய், "என்ன பேசிக்கிடுவோம்" என்பேன். "உங்களுக்குத் தெரியாததாண்ணே, நீங்க எப்படி எடுத்தாலும் சரி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவ்வளவுதான். தலைவலியா, துக்கமா, எந்தச் சுருதி, எந்தக் கேள்வி, ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொள்வது கேட்கும். நான் மூலையில் மீசை ஒட்டுவேன். பெட்டிக்காரர் என்னைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்கு நிச்சயம். அத்தனை மூத்தவர் ஒரு ராஜபார்ட்டுக்கு வாசிக்க மறுக்கிறார் என்றால், காரணம் கேட்கத் தேவையில்லாத தொழில் இது.

பதினோரு வருஷம் அப்படி மேடை ஏறினேன். திரைக்குப் பின்னால் நிற்கும்போது வெளியே என்ன காத்திருக்கிறது என்று தெரியாது. எந்த இடத்தில் யார் என்னைக் கவிழ்ப்பார்கள் என்று ஒவ்வொரு அடியிலும் காது கொடுத்துக்கொண்டே பாடினேன். ஒருவரும் கவிழ்க்கவில்லை. அதை எதிர்பார்த்து நின்றதுதான் என்னைத் தின்றது. ஞாயிறு ஆராதனையில் சபையார் எல்லோரும் பாவ அறிக்கை சொல்லும்போது என் உதடும் அசையும். சத்தம் வராது. அப்போது மேடையில் சீனியம்மாளின் வாய் அசைந்தது ஞாபகம் வந்து, பாதியில் எழுந்து வெளியே போய்விடுவேன்.

யுத்தம் முடிந்த மறு கோடையில், மாங்காய்க் காலத்தில், வத்திராயிருப்புக்கு பஸ் ஏறினேன். சீனியம்மாள் தோப்புகளைப் பேசி முடித்துக் கொடுக்கும் தரகராகியிருந்தார். வீட்டில் இல்லை, தோப்பில் இருக்கிறார் என்றார்கள். மரத்தடியில் ஒரு வியாபாரியோடு வாதாடிக்கொண்டிருந்தார். அரம் தேய்க்கிற மாதிரிக் குரல்.

"இந்த வருசம் தோப்புல பூவே கம்மில்லா" என்றார் வியாபாரி.

"பூவைப் பாத்து வெலை சொல்ல நீரு என்ன வண்டா? அண்ணாந்து காயைப் பாரும்."

வியாபாரியோடு கூட நின்றவர்களே சிரித்துவிட்டார்கள். சீனியம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். மேடையும் கொட்டகையும் இல்லாத இடத்தில் அவர் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்கண்ணே. ராஜா தனியா வந்துருக்கீக. பரிவாரம் எல்லாம் எங்க?"

வியாபாரியை அனுப்பிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சீனியம்மா, அன்னைக்கு நான் கட்டையை ஏத்துனது காத்துக்காக இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"காத்து ரெண்டு தடவையும் சரியா அஞ்சரையிலயா வீசும்?"

நான் தரையைப் பார்த்தேன். "பொறவு ஏன் இறங்கச் சொல்லல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா இறங்கியிருப்பீகளா?"

தெரியவில்லை என்றே சொன்னேன்.

"சரி, அது கெடக்கட்டும். எனக்கு இறங்கப் பிடிக்கலண்ணே. மொதப் பாட்டை எடுத்தேன், ரணத்தோடயே நின்னுச்சு. ரெண்டாவது அதைவிட நல்லா நின்னுச்சு. அதுக்கு முன்னாடி நான் அப்படிப் பாடுனதே இல்ல. இது போகப் போகுதுன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சுது. போனாப் போகட்டும்னு பாடுனேன். அது என் இஷ்டம், என் தொண்டை. அதைக் கொண்டுபோயி உங்க பாவத்துல சேத்துக்கிடாதீக."

எத்தனையோ வருஷமாக நெஞ்சில் இருந்த கல்லை அவர் சுலபமாக எடுத்து ஓரமாக வைப்பதுபோல் இருந்தது. அந்த நிம்மதியில் அவசரப்பட்டேன். "அப்ப என்னை மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார்.

கோபமில்லாமல்தான் சொன்னார். கீழே கிடந்த மாவிலை ஒன்றை எடுத்து நடுநரம்பைக் கிழித்துக்கொண்டே பேசினார்.

"சரிம்மான்னு சொன்னீகளே, அதுக்கு. தொண்டை ஆறிரும்னு வைத்தியர் சொன்னாரு, நம்ப முடியல. நாளைக்கு வாரேன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டுப் போவாரு, வாசலையே பாத்துக்கிட்டு நிப்பேன். இந்தா, இந்த வியாபாரி சரின்னு சொல்லுதான், நான் மூணு ஆளைச் சாட்சிக்கு நிறுத்துதேன். அதுக்கு முன்னாடி நான் அப்படிப்பட்டவ இல்லண்ணே. ஒரு ஆளு சரின்னா எனக்குச் சரிதான். அதை உங்களால திருப்பித் தர முடியுமா?"

"முடியாது" என்றேன்.

"பொறவு என்ன. எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

சாப்பிட்டேன். அவரே பரிமாறினார். சோறு போதும் என்று கையை மறித்தபோது, "நிசமாப் போதுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பஸ் ஏற்றிவிட வந்தபோது, இதை நாலு பேருக்குச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"சொல்லுங்க. புதுசா வருதுகளே சின்னப் பிள்ளைக, அதுகளுக்குச் சொல்லுங்க. ஆனா பாவம் சீனியம்மா, தொண்டை போயிருச்சு, அப்படின்னு இழுத்தீகன்னா நான் அங்க வந்து நாலு கேள்வி கேப்பேன். மூணு பாட்டு பாடுனாள்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக, அந்த நாளைப் பற்றி யார் கேட்டாலும் ஆடிக் காற்று, தகரக் கூரை என்றே சொல்லிவந்தேன். சீனியம்மாள் போன தை மாதம் காலமானார். தகவல் எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. கேள்வி கேட்க இனி அவர் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகுதான், சொல்லாமல் இருக்க என்னால் முடியாமல் போயிற்று.

தம்பிகளே, தங்கைகளே, அன்று சீனியம்மாள் மூன்று பாட்டு பாடினார். ஐந்தரைக் கட்டையில், ஒரு ஸ்வரம் பிசகாமல், யாருடைய துணையும் இல்லாமல். நான் இரண்டு முழம் தள்ளி நின்றிருந்தேன். அதைவிட நல்ல பாட்டை என் ஆயுளில் நான் கேட்டதில்லை.